போர்க்காலக் கிந்தாவில் தோட்டச் சுகாதாரம்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் போர்க்காலத்தைப் பற்றியது. ஆனால் படைகளைப் பற்றியது அன்று. 1941 முதல் 1945 வரை இவ்வட்டாரத்து மக்களுக்குக் குடிநீர் எவ்வாறு கிடைத்தது, காய்ச்சல் கண்டவருக்கு மருந்து கொடுத்தவர் யார், வடிகாலைத் தூர் வாரியவர் யார், பிறந்த குழந்தையையும் இறந்த முதியவரையும் ஏட்டில் பதிந்தவர் யார் என்பன போன்ற, வரலாற்று நூல்கள் இரண்டொரு வரிகளில் கடந்துபோகும் செய்திகளைப் பற்றியது. இதனைச் சிம்பாங் பூலாயில் நின்று பேசுவது பொருத்தமே. ஈப்போவிலிருந்து கோப்பேங், கம்பார் வழியாகத் தெற்கே செல்லும் பழைய பெருஞ்சாலை இவ்வூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ வீழ்ந்தபோது பின்வாங்கிய படையும் துரத்திய படையும் கம்பாரை நோக்கிச் சென்றது இத்தடத்தில்தான். சாலையின் இருபுறமும் ஈயச் சுரங்கங்களும் சுண்ணாம்புக் குன்றுகளும் ரப்பர் தோட்டங்களும் இருந்தன. படை இரண்டொரு நாளில் கடந்துபோயிற்று. தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் மூன்றரை ஆண்டுகள் இங்கேயே கிடந்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அதற்காக முதலில் இங்கிலாந்து நாட்டு நகராட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோம்.

இலண்டன் மாவட்டத்துக்குள் அந்நாளில் 28 பெருநகர உள்ளாட்சி மன்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஃபின்ஸ்பரி. ஏழைத் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. 1938 அக்டோபரில் அம்மன்றம் ஒரு சுகாதார நிலையத்தைத் திறந்தது. காசநோய்ப் பிரிவு, பல் மருத்துவம், பாத மருத்துவம், மகளிர் மருத்துவம், படுக்கைகளையும் துணிகளையும் கிருமி நீக்கித் தரும் பிரிவு ஆகிய அனைத்தும் அங்கு ஒரே கூரையின்கீழ் அமைந்தன. அத்திட்டத்தை முன்னின்று நடத்திய சுகாதாரக் குழுவின் தலைவர் பஞ்சாபில் பிறந்த இந்தியர், மருத்துவர் சுனி லால் காட்டியல். அதே ஆண்டில் அவர் ஃபின்ஸ்பரியின் மேயராகவும் ஆனார். 1931இல் காந்தியடிகளும் சார்லி சாப்ளினும் சந்தித்துக்கொண்டது இவர் வீட்டில்தான்; தேர்வில் வராத செய்தி என்றாலும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டே போர் மூண்டது. இலண்டன்மீது குண்டுகள் விழுந்தன. மக்கள் இரவெல்லாம் பாதுகாப்பறைகளில் நெருங்கிக் கிடந்ததால் சொறியும் பேனும் பரவின; தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளை அச்சுறுத்தியது. இவை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் அந்தந்த மன்றத்தின் சுகாதார மருத்துவ அதிகாரி. பாதுகாப்பறைகளின் கழிப்பிடங்களைப் பார்வையிடுவது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடச் செய்வது, பொதுக் குளியலறைகளையும் சலவைக் கூடங்களையும் திறந்து வைப்பது, கடையில் விற்கும் இறைச்சியைச் சோதிப்பது எல்லாம் அவர் பார்வையில் நடந்தன. ஆண்டு முடிவில், தாள் தட்டுப்பாட்டினால் சுருக்கமாகவேனும், அவர் மன்றத்திற்கு ஓர் அறிக்கை எழுதினார். இத்தனை பிறப்பு, இத்தனை இறப்பு, ஒரு வயது நிரம்பாமல் இறந்த குழந்தைகள் இத்தனை பேர் என்று எண்ணி எழுதினார். இங்கிலாந்திலும் வேல்சிலும் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் இறந்தவை 1941இல் சுமார் 60. 1945இல் அது சுமார் 46 ஆகக் குறைந்தது. போரின் நடுவே குழந்தை இறப்பு குறைந்த செய்தி இது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் மலிவு விலையில் பால் கொடுத்ததும், ஆரஞ்சுச் சாறும் மீனெண்ணெயும் வழங்கியதும் அதற்குத் துணைசெய்தன.

இங்கிலாந்து எதிரியின் பிடியில் சிக்கவில்லை, மலாயா சிக்கியது என்பதை மறந்துவிட்டு ஒப்பிடுவது முறையாகாது. ஆயினும் நம் கேள்வி குண்டுகளைப் பற்றியதன்று. ஃபின்ஸ்பரியின் மருத்துவ அதிகாரிக்கு, தம் அறிக்கையைப் படித்துவிட்டு எழுந்து நின்று கேள்வி கேட்கும் ஒரு மன்றம் இருந்தது. போர்க்காலத்தில் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட்டபோதும் மன்றங்கள் கூடின. அந்த மக்களின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. அதே பேரரசின் கொடியின்கீழ், அதே ஆண்டுகளில், கிந்தாவின் தோட்டத் தமிழர் உடல்நலத்திற்கு யார் பொறுப்பு?

விடை காண நாம் நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்த அறிவை வடிகால் வெட்டுவதில் பயன்படுத்தினார். கிள்ளான் நகரத்தில் சதுப்பை வடித்ததும் காய்ச்சல் தணிந்தது. ஆனால் மலையடிவாரத் தோட்டங்களில் அந்த வழி பலிக்கவில்லை. அங்கு நோய் பரப்பியது வேறு வகைக் கொசு. அது சேற்றிலும் நிழலிலும் வாழ்வதன்று; வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. காடு கவிந்திருந்தவரை மலையோடைகளில் அதற்கு இடமில்லை. மரங்களை வெட்டித் தோட்டம் போட்டு, ஓடையின்மேல் வெயில் விழுந்ததும் அது பெருகியது. பளிங்குபோல் ஓடும் நீரைக் கண்டு, நல்ல தண்ணீர் என்று அதன் அருகில் லயங்களைக் கட்டினார்கள். நடுமலைத் தொடரின் அடிவாரமான நம் பகுதிக்கு முழுவதும் பொருந்தும் செய்தி இது.

1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் தொழிலாளர் ஆயிரத்திற்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்த எண்ணை மாணவர்கள் ஒரு பள்ளிக்கூட அளவில் எண்ணிப் பார்க்கலாம். ஐந்நூறு பேர் உள்ள பள்ளியில் ஆண்டுக்கு முப்பது இடம் காலியாகும். அதற்குப் பிறகே சட்டங்கள் இறுகின. வீடு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவமனை ஆகியவற்றைத் தோட்ட முதலாளியே செய்து தரவேண்டும் என்று தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. அரசின் சுகாதார அதிகாரி பார்வையிடுவார், நிறைவேற்றுபவர் துரை. இரக்கத்தினால் மட்டும் வந்த மாற்றம் என்று இதைக் கொள்ள இயலாது. தமிழகத்திலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுவரப் பணம் செலவாயிற்று. வந்தவர் இறந்தால் அந்தச் செலவு வீணாயிற்று. இந்திய அரசும் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் தன் முகவர் ஒருவரை மலாயாவில் வைத்துக் கேள்வி கேட்டது. எக்காரணத்தால் வந்தாலும் பயன் உண்மையானது. 1930களில் இறப்பு வீதம் பெரிதும் குறைந்திருந்தது.

குறைந்தது எப்படி என்பதை நின்று கவனிக்க வேண்டும். கொசு, முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறப்பதற்கு இந்த வெப்பத்தில் ஒரு வாரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். ஆகவே ஏழு நாளைக்கு ஒருமுறை ஓடையோரங்களிலும் தேங்கிய நீரிலும் எண்ணெய் தெளிக்கப்பட்டது. முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து, கையால் விசையை அடித்துக்கொண்டு, சிலர் ஓடை ஓடையாக நடந்தனர். அந்த எண்ணெய்ப் படலம் நீரின்மேல் பரவிப் புழுக்களை மூச்சுத் திணறச் செய்தது. இன்னும் சில இடங்களில் ஓடையையே நிலத்தடிக் குழாய்களில் செலுத்தி மேலே மண்மூடினர். அக்குழாய்களில் இலையும் மண்ணும் அடைக்காமல் காக்கவும் ஆள் வேண்டும். இவற்றில் எதுவும் ஒருமுறை செய்து முடித்து, கல்வெட்டு வைத்துத் திறப்பு விழா நடத்தும் வேலை அன்று. இந்த வாரம் செய்ததை அடுத்த வாரமும் செய்யவேண்டும். இரண்டு வாரம் தவறினால் கொசு பறந்துவிடும். பொதுச் சுகாதாரத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். அதனாலேயே அது கண்ணுக்குப் படுவதில்லை.

எண்ணெய் தெளிப்புக்கு அடுத்தது தோட்டத்து ஆசுபத்திரி. பெரிய மருத்துவர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். நாள்தோறும் இருப்பவர் டிரசர். காலைப் பெரட்டில் வராதவரை லயத்தில் போய்ப் பார்ப்பவர், கொய்னாக் கரைசலை வாயில் ஊற்றி விழுங்கும்வரை நின்று கவனிப்பவர், புண்ணைக் கழுவுபவர், இன்னார் இன்ன நோயால் இறந்தார் என்று எழுதுபவர் அவரே. நோயாளிக்கு ஓய்வு கொடுக்கும் அதிகாரமும், இவன் நடிக்கிறான் என்று வேலைக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவரிடம் இருந்தன. தாய்மார் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்ல ஆயாக் கொட்டகை இருந்தது. இவ்வாறாக, ஒரு நகராட்சி செய்யும் பணிகள் பலவும் தோட்டத்தில் நடந்தன. மன்றம் மட்டும் இல்லை. தண்ணீர் வரவில்லை என்றால் துரையிடம் சொல்லலாம். துரை கேட்கவில்லை என்றால், முறையிடச் செல்வதற்கே தோட்டத்தை விட்டு வெளியேறும் துணிவு வேண்டும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது இருந்தது. பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, முறையான மருத்துவ வசதி ஆகியவையும் இருந்தன. மருத்துவத்தையும் மானத்தையும் ஒரே தாளில் எழுதிய அத்தொழிலாளர்கள், ஃபின்ஸ்பரி வாக்காளர் பெற்றிருந்ததைத்தான் கேட்டார்கள் என்பது நம் கருத்து. அரசு படையை வரவழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர்.

அதன்பின் நடந்ததை விளக்க நீண்ட சொற்கள் வேண்டியதில்லை. துரைமார் தெற்கே ஓடினர். பிடிபட்டோர் சிறை முகாம்களில் அடைக்கப்பட்டனர். சட்டம் யாருடைய தோளில் சுகாதாரத்தை வைத்திருந்ததோ அந்தத் தோள் ஒரு வாரத்தில் காணாமற்போயிற்று. ரப்பருக்குப் பழைய சந்தை இல்லை. எனவே கூலியும் இல்லை. எண்ணெய் போருக்குப் போயிற்று. ஓடைகளில் தெளிக்க எண்ணெய் வரவில்லை. குழாய்கள் தூர்ந்தன. உலகின் கொய்னாவில் மிகப் பெரும்பகுதியை விளைவித்த ஜாவாத் தீவு 1942 மார்ச்சில் ஜப்பானியர் கைக்கு வந்தது. அவ்வளவு மருந்து அருகிலேயே இருந்தும் தோட்டத் தொழிலாளர் கையில் அது எட்டவில்லை. மலாயா தன் அரிசியில் மூன்றில் இரண்டு பங்கை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கி உண்ட நாடு. அது நின்றதும் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சத்துக் குறைந்த உடலில் கால் வீங்கியது; சிறு கீறலும் ஆறாப் புண்ணாயிற்று. சாக்கை வெட்டி உடுத்திய கதையை நம் வீட்டுப் பாட்டிமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். காய்ச்சலின் கதையைச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பதில்லை.

இந்த வெறுமையில் தனிமனிதர் சிலர் மருத்துவத்தைத் தாங்கிப் பிடித்தனர். நம் வட்டாரத்தில் அவர்களுள் புகழ்பெற்றவர் சிபில் கார்த்திகேசு. 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த யூரேசியப் பெண்மணி. தேர்ந்த தாதி, மருத்துவச்சி. தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவை மணந்து, ஈப்போவின் புருஸ்டர் சாலையில் கணவரோடு மருத்துவமனை நடத்தினார். போர் வந்ததும் குடும்பம் ஈப்போவுக்குத் தென்மேற்கே உள்ள பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கு ஒரு கடைவீட்டில் அவர் திறந்த மருந்தகம் ஊரார்க்கும் உதவியது. இரவில் மலையிலிருந்து இறங்கிவந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர்க்கும் உதவியது. மறைவாக வானொலி வைத்துச் செய்தி கேட்டார். 1943இல் கைதானார். குடும்பமும் துன்பத்துக்கு உள்ளானது. கொடுஞ்சித்திரவதைக்குப் பின்னும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. விடுதலைக்குப் பின் பிரிட்டனுக்குச் சிகிச்சைக்குச் சென்றார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூனில் அங்கேயே காலமானார். மறு ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது. 1954இல் அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலாயின.

சிபில் அம்மையாரைப் பற்றிப் பள்ளிகளில் பேசும்போது வீரத்தை மட்டும் பேசி நிறுத்திவிடுகிறோம். அவர் செய்த பணியையும் பேசவேண்டும். பிள்ளைப்பேறு பார்த்தார், புண்ணுக்கு மருந்திட்டார், வந்தவர் யாரென்று கேளாமல் மருந்து கொடுத்தார். ஒரு மாவட்டச் சுகாதார அமைப்பே செய்யவேண்டியதை ஒரு கடைவீட்டின் பின்னறையில் ஒரு பெண்மணி செய்ய நேர்ந்தது. அவர் கைதானதும் அந்த மருந்தகத்தின் கதையும் முடிந்தது. ஃபின்ஸ்பரியில் மருத்துவ அதிகாரி ஒருவர் விலகினால் இன்னொருவர் அந்த நாற்காலியில் அமர்வார். பாப்பானில் நாற்காலியே அவர்தான்.

தோட்டங்களிலிருந்து ஆட்கள் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்திக்கு இப்போது வருவோம். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர்ப் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து சென்றோரில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். போருக்குப் பின் திரட்டப்பட்ட ஒரு கணக்கின்படி சென்றவர் சுமார் 78,000. இறந்தவர் சுமார் 30,000. இதனினும் மிகக் கூடுதலான எண்ணைச் சொல்வோரும் உளர். அதே பாதையில் வேலைசெய்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். இறந்தவர் 12,000க்கும் மேற்பட்டோர். அதாவது கைதிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரும், நம்மவரில் அந்தக் குறைந்த கணக்கின்படியே ஐவரில் இருவரும் மடிந்தனர்.

அரிசியும் அதே அரிசி, மழையும் அதே மழை, காவலரும் ஒரே நாட்டவர். இருந்தும் இவ்வளவு வேறுபாடு ஏன்? கைதிகளிடம் மருந்து மிகுதியாக இருந்ததன்று. அவர்களிடம் இராணுவ மருத்துவர்கள் இருந்தனர், ஒழுங்கு இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும், கழிப்பிடம் முகாமிலிருந்து இவ்வளவு தள்ளி இவ்வளவு ஆழத்தில் வெட்டப்பட வேண்டும், உணவுத் தட்டைக் கொதிநீரில் நனைக்காமல் சோறு வாங்கக்கூடாது என்றெல்லாம் ஆணையிட ஆளிருந்தது, கீழ்ப்படிய அணியிருந்தது. 1943இல் வாந்திபேதி வந்தபோது அந்த ஆணைகளே உயிர்காத்தன. தோட்டத்திலிருந்து குடும்பத்தோடும் தனியாகவும் சென்ற தொழிலாளர் முகாம்களில் பெரும்பாலும் அத்தகைய அமைப்பு இல்லை. முன்பு தோட்டத்தில் கங்காணி சொன்னான், டிரசர் சொன்னார், துரை சொன்னார். தாமே கூடி முடிவெடுக்கும் பழக்கம் அவர்களுக்கு வாய்க்கவிடப்படவில்லை. கிள்ளானில் அதற்கு முயன்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சற்றுமுன் பார்த்தோம்.

இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறைக்குச் செல்வோர் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகளை வரிசை வரிசையாகக் காணலாம். தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லை. நாம் சொல்லும் எண்கள் அனைத்தும் ஆயிரங்களில் முடிகின்றன. ஃபின்ஸ்பரியில் இறந்த குழந்தைகளின் எண் ஒற்றைப்படை வரை எழுதப்பட்டிருக்கும். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவில் 6,21,000க்கு மேற்பட்ட இந்தியர் இருந்தனர். 1947இல் அது ஆறு இலட்சத்திற்குச் சற்றுக் கீழே வந்தது. பொருளாதார மந்தக் காலத்தில் ஊர் திரும்பியவர்களும், 1938இல் இந்திய அரசு ஆளனுப்புவதைத் தடுத்ததும் இதற்குக் காரணங்கள். ஆகவே இந்தக் குறைவு முழுவதையும் போரின் கணக்கில் எழுதுவது பிழையாகும். அதன் ஒரு பங்கு சயாமிலும், ஒரு பங்கு எண்ணெய் தெளிக்கப்படாத நம் ஓடைக்கரைகளிலும் இருக்கிறது.

போர் முடிந்தது. எண்ணெயோடு டி.டி.டி. மருந்தும் வந்தது, மலேரியா மீண்டும் பின்வாங்கியது. விடுதலைக்கு முன்னும் பின்னும் அமைக்கப்பட்ட கிராமச் சுகாதாரத் திட்டம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்னும் அளவில் கம்பங்களுக்குச் சென்றது. அது மலேசியாவின் பெருமைக்குரிய சாதனை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்குள்ள தண்ணீரும் வீடும் மருத்துவமும் முதலாளியின் கடமை என்னும் பழைய ஏற்பாடே தொடர்ந்தது. தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்த அளவுகள் பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கடமையை விரிவாக வரையறுத்தன, கடமைக்காரரை மாற்றவில்லை. ஈப்போ நகர மன்றத்துக்கு மக்கள் வாக்களித்த சில ஆண்டுகள் உண்டு. 1965இல் நாடெங்கும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கோ அந்தச் சில ஆண்டுகளிலும் தம் குடிநீரைப் பற்றிக் கேட்க ஒரு மன்றம் வாய்க்கவில்லை. பின்னர்த் தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தோடு ஆசுபத்திரியும் போயிற்று, ஆயாக் கொட்டகையும் போயிற்று, டிரசரின் ஏடும் போயிற்று.

இங்கு வந்துள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். 1943இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அத்தகையவர் எவரேனும் உங்கள் மாணவரின் குடும்பத்தில் இருந்தால், போரில் என்ன நடந்தது என்று பொதுவாகக் கேட்கவேண்டாம். பொதுவான கேள்விக்குப் பொதுவான விடையே வரும். உங்கள் தோட்டத்தில் எந்தக் கிழமையில் எண்ணெய் அடித்தார்கள், அது எப்போது நின்றது, துரை போனபின் ஆசுபத்திரிச் சாவி யாரிடம் இருந்தது, கொய்னா கிடைக்காதபோது எந்த இலையை அரைத்தார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், சயாமுக்குப் போனவர் எந்த லயத்தில் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்லுங்கள். விடையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். டிரசரை மருத்துவ உதவியாளர் என்றும், கொய்னாவைக் காய்ச்சல் மருந்து என்றும், லயத்தைக் குடியிருப்பு என்றும் திருத்த வேண்டாம். தோட்டத்தின் பெயர், லயத்தின் எண், சொன்னவரின் வயது, கேட்ட நாள் ஆகியவற்றை முதல் வரியில் குறித்துக்கொள்ளுமாறு சொல்லுங்கள்.